பசுமூக்குத் திருக்கை: எந்த இனம் என்று கண்டுபிடிப்பது எப்படி

முதலில் முகத்தைப் பாருங்கள். பசுமூக்குத் திருக்கைக்கு நெற்றியின் நடுவே பள்ளம் விழுந்திருக்கும். அதற்குக் கீழே மூக்கு மடல் இரண்டாகப் பிளந்திருக்கும். கழுகுத் திருக்கைக்கு அந்த மடல் பிளவில்லாமல் ஒன்றாகவே இருக்கும். கொம்புத் திருக்கைக்கோ மடல்கள் தலையின் இரு ஓரத்திலும் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாதித் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

வலையில் உயிரோடு சிக்கியிருந்தால் வாலடியில் கை வைக்கக் கூடாது. விஷமுள் வாலின் நுனியில் இல்லை. முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், உடலை ஒட்டியே இருக்கிறது. கண்ணுக்குப் பின்னாலுள்ள துளையில் விரல் விட்டுத் தூக்குவதும் கொடுமை, அது மூச்சுத் துளை. வாய்க்குள்ளும் விரல் வேண்டாம். சிப்பி ஓட்டையே நொறுக்கும் தாடை அது. முள் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில், அதாவது சுமார் 45 டிகிரி செல்சியஸில், 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்து, மருத்துவரிடம் போங்கள்.

படம் நான்கு போதும்: முதுகு, அடிப்பக்கம், நேர்முகம், வாலடி. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளவுநாடா வைத்து அகலத்தைக் குறியுங்கள். உடல் ஈரமாக இருக்கும்போதே முடித்து, கடலில் விட்டுவிடுங்கள். ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, அதுவும் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து பெறுவது. ஒரு தாய் போனால் அந்த இழப்பு லேசில் ஈடாகாது.

இனத்தைச் சுருக்கித் தருவது பிடிபட்ட இடம். கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து பெரு வரை உள்ள கிழக்குப் பசிபிக் என்றால் ரைனாப்டெரா ஸ்டைண்டாக்னெரி. ரைனாப்டெரா என்பது பசுமூக்குத் திருக்கைகளின் பேரினப் பெயர், பின்னால் வருவது இனப் பெயர். மத்தியதரைக் கடலில் மார்ஜினேட்டா, ஆஸ்திரேலியாவில் நெக்லெக்டா. இந்தியப் பெருங்கடலில் ஜவானிக்காவும் ஜெயக்கரியும் உண்டு. ஜெயக்கரி 1895இல் மஸ்கட்டில் கிடைத்த மீனை வைத்து முதன்முதலாக அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது.

சிக்கல் மேற்கு அட்லாண்டிக்கில்தான். அங்கே பொனாசஸ், பிரேசிலியன்சிஸ் இரண்டும் இருக்கின்றன, வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. இறந்த மீனாக இருந்தால் வாயைத் திறந்து, பல் தட்டில் குறுக்காக எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். நடுவரிசை அகலம், ஓரத்துக்குப் போகப் போகச் சிறுத்துவிடும். அந்தக் கடைசிச் சிறு வரிசையைத்தான் பலர் எண்ணாமல் விடுகிறார்கள். 7 என்றால் பெரும்பாலும் பொனாசஸ். 9 அல்லது அதற்கு மேல் என்றால் பிரேசிலியன்சிஸாக இருக்கலாம். இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் இது சான்றாகாது. துடுப்போரத்தில் பட்டாணி அளவு சதையை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை பதிவேட்டில் ரைனாப்டெரா என்று மட்டும் எழுதுங்கள்.