மதுரையிலிருந்து விமானம் ஏறுமுன் மஞ்சப்பையைக் கொட்டிப் பாருங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிய எங்கள் பெரியம்மா, முதல் நாள் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோன மஞ்சப்பையை அப்படியே கைப்பைக்குள் வைத்துவிட்டார். விமான நிலையத்தில் எக்ஸ்ரே சோதனையில் பை நின்றது. குங்குமப் பொட்டலத்தோடு ஒரு தீப்பெட்டி, நாலு கட்டி கற்பூரம். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. குங்குமத்தை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து மாவடு. ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். கசியாமல் இரண்டு மூன்று உறை சுற்றிப் பெட்டியில் போடுங்கள். நெய்யும் பெட்டிக்குத்தான். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் இருக்கும் திரவப் பாட்டில் 100 மில்லிக்கு மேல் ஆகாது. 200 மில்லி பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, பாட்டிலின் அளவுதான் கணக்கு.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் போய் அணைப்பது?

அப்புறம் இன்னொன்று. தெரிந்தவருக்குத் தெரிந்தவர், "அங்க என் மச்சான் வந்து வாங்கிக்குவான்" என்று ஒட்டிய பார்சலை நீட்டுவார். நம் ஊரில் முகத்தை முறித்துக்கொள்ளக் கூச்சம். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். சுங்கத்தில் பதில் சொல்லப்போவது மச்சான் இல்லை, நீங்கள்தான்.