புதிதாக வந்த உடும்பை ஒளிய விடுங்கள்

வளர்க்க வாங்கிய ஆக்கி உடும்பு எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அது பதுங்கியிருந்த கல்லைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நாளாக மூக்கு நுனிகூடக் கண்ணில் படவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று மனம் அடித்துக்கொண்டது. இருந்தது. உடம்பை ஊதிப் பெருக்கி, முள் முள்ளான வாலை முகத்துக்கு முன்னால் வளைத்து வைத்துக்கொண்டு சீறியது. கல்லை மெதுவாக வைத்துவிட்டேன். அப்புறம் ஒன்பது நாள் அது வெளியே வரவேயில்லை.

புது உடும்பு விஷயத்தில் நடக்கும் தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. நமக்குப் பார்க்க ஆசை, அதற்கு ஒளிய வேண்டும்.

ஆக்கி என்பது வட ஆஸ்திரேலியப் பாறை நிலங்களில் வாழும் சிறிய உடும்பு. வாலோடு சேர்த்து 60 முதல் 70 செ.மீ. வரை வளரும். ஆபத்து என்று தோன்றினால் பாறை இடுக்கில் புகுந்து, உடம்பை ஊதி இறுக்கி, முள்வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும். அதை வெளியே இழுக்கப் பார்த்தால் நகம் பிய்யும், வாலில் காயம்படும். வீட்டுப் பல்லிக்கு அறுந்த வால் மீண்டும் முளைக்கும், உடும்புக்கு முளைக்காது.

நான் இருப்பது இங்கிலாந்தில். கூண்டில் பிறந்த ஆக்கிகளை இங்கே சட்டப்படி வாங்கலாம். இந்தியாவில் கதை வேறு. அங்குள்ள நான்கு வகை உடும்புகளும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வயலில் கண்ட உடும்பைப் பிடித்து வந்து வளர்ப்பது சிறைக்குப் போகும் குற்றம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, கூண்டுக்கு வருவோம். உடும்பை வாங்கிய பிறகு கூண்டைத் தயார் செய்வதுதான் முதல் தவறு. உடும்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே விளக்கு, மண், தண்ணீர் எல்லாம் வைத்து ஓட விட்டுப் பாருங்கள். உடும்பு உள்ளே வந்தபின் விளக்கை நகர்த்துவதும், மண்ணைக் கொட்டுவதும், கல்லை மாற்றுவதும் அதற்கு மறுபடி மறுபடி வீடு மாறுவது மாதிரி.

வெப்பத்தில் செய்யும் தவறு இன்னும் பெரியது. சுவரில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டுகிறது, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது காட்டுவது அந்தச் சுவரோரக் காற்றின் சூட்டை. உடும்பு படுத்துக் காயும் கல்லின் மேற்பரப்பு எவ்வளவு சுடுகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். ஆக்கிக்கு அந்தக் கல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது அங்கேயே கிடப்பதில்லை. சில நிமிடம் காய்ந்து சூடேறியதும் இறங்கி இரை தேடப் போய்விடும். கல்லை அளக்க அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூண்டின் மறுமுனை 26, 28 டிகிரியில் இருக்கட்டும். சூடு போதாவிட்டால் தின்ற இரை சரியாகச் செரிக்காது. உடும்பு மந்தமாகிக் கிடக்கும். அதைப் பார்த்து, 'எவ்வளவு சாது, சீறவே இல்லை' என்று சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கூர்மையான ஸ்பாட் பல்பைப் போட்டால் முதுகில் கையகல இடம் மட்டும் வேகும். தலையும் வாலும் குளிர்ந்தே கிடக்கும். ஒளியை அகலமாகப் பரப்பும் ஹாலஜன் பல்பு இரண்டை அருகருகே வைத்து, டிம்மரால் சூட்டைச் சரிசெய்யுங்கள். புற ஊதா விளக்கும் வேண்டும். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், சிவப்பு பல்பு உட்பட.

இந்தப் பல்புகள் காற்றை உலர்த்திவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டி, அடியில் இரண்டு அங்குல உலர்மணல் என்று வைத்தால் குட்டி உடும்பு கொஞ்சம் கொஞ்சமாக நீர்வற்றிப் போகும். பாலைவனப் பிராணிதானே என்பார்கள். அந்த நிலத்திலும் வளைக்குள் ஈரப்பதம் இருக்கும். உடும்பு அதை நம்பித்தான் வாழ்கிறது. தோட்ட மண்ணும் மணலும் கலந்து, குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரலைத் திறந்ததும் கொழுக்கட்டை மாதிரி உருவம் நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் தோண்டிய வளை இடியாமல் நிற்கும். மரக் கூண்டானால் ஈரம் ஏறிப் பலகை உப்பிவிடும். உள்பக்கம் நீர்புகாப் பூச்சு பூசி, நன்றாக உலரவிட்ட பிறகு மண்ணைப் போடுங்கள்.

விளக்குக்கு நேர் கீழே, இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டுப் பலகைகளை அடுக்கி வையுங்கள். மேல் பலகை கொதிக்கும், கீழே போகப் போகக் குளிரும். புது உடும்பு மறைவைவிட்டு வராமலே தனக்கு வேண்டிய சூட்டைத் தேர்ந்துகொள்ளும். மறைவிடம் குளிர்ந்த மூலையில் மட்டும் இருந்தால், பயந்த உடும்பு காய வராமல் அங்கேயே சுருண்டு கிடக்கும்.

சாப்பாட்டில் அவசரம் வேண்டாம். வந்த அன்றே ஒரு டப்பா சுவர்க்கோழிகளைக் கொட்டாதீர்கள். தின்னாமல் விட்டவை இரவில் உடும்பையே கடிக்கும். இரண்டாம் நாளிலிருந்து நாலைந்து பூச்சி, பக்கத்தில் சுத்தமான தண்ணீர், அவ்வளவு போதும். நல்ல சதைப்பிடிப்புள்ள உடும்பு சில நாள் தின்னாமல் இருந்தால் பதற வேண்டாம். வாயைத் திறந்து திணிக்கவே கூடாது. எலிக்குஞ்சு கொடுத்தால் சீக்கிரம் பழகும் என்ற ஆலோசனையையும் கேட்காதீர்கள். வளர்ப்புக்கு விற்கப்படும் இன்னொரு வகையான சவானா உடும்புகள் நிறையக் கொழுத்துச் சாவது இதனால்தான். ஆப்பிரிக்காவில் அவை பெரும்பாலும் வண்டு, மரவட்டை, நத்தை, வெட்டுக்கிளி தின்று வாழ்பவை.

கானா, டோகோ போன்ற நாடுகளிலிருந்து குட்டியாக வரும் சவானா உடும்பு பயணத்திலேயே வாடிப்போயிருக்கும், வயிற்றில் புழுவும் இருக்கலாம். அதன் எச்சத்தை முதல் வாரத்திலேயே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். எந்த உடும்பானாலும் கண் குழிந்தாலோ, இடுப்பெலும்பு துருத்தினாலோ, மூக்கில் சளி கண்டாலோ காத்திருக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஓர் உடும்பு இருந்தால், துணைக்கு என்று புதியதை அதனோடு விடக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் பலகை இடுக்கிலிருந்து பிளவுபட்ட நாக்கு ஒன்று நீண்டு, காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் தினமும் அரைமணி நேரம் அங்கே அமர்ந்து படிப்பது வழக்கமாயிற்று. பிறகு நீண்ட இடுக்கியில் பூச்சி நீட்டினேன். ஏழாவது வாரம் அதுவாகவே என் முழங்கையில் ஏறியது. மேலிருந்து கையை இறக்கிப் பிடித்திருந்தால், கழுகு பாய்வதாக நினைத்து மறுபடி இடுக்குக்குள் போயிருக்கும்.

கூண்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி தொற்றலாம், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.