ஊருக்குள் இறங்கும் கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாகச் சிலர் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவோ, தொழில்துறைத் தொடர்பு ஒருங்கிணைப்பாளராகவோ பொறுப்பேற்கிறார்கள். ஆர்வத்தோடுதான் வருகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் போட்டுக்கொண்டு வரும் திட்டத்தைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியங்கள் அப்படியே இருக்கின்றன. திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் கல்லூரிக்கும் ஊருக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பேனரில் எழுத்துப் பிழை, விருந்தினர் தாமதம், மதியச் சாப்பாடு பற்றாக்குறை, இதெல்லாம் ஒரு வருடத்தில் தானாகப் பழகிவிடும். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எண்ணிக்கைக்காக ஒப்பந்தம் போடுவது

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி, கூட்டு முயற்சி எல்லாம் வருகின்றன. அதனால் எம்.ஓ.யு., அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், எத்தனை என்று கல்லூரி முதல்வர் கேட்பார், நீங்களும் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவீர்கள். சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் லோகோ போட்ட ஒப்பந்தம் கோப்பில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்ட மனிதவள மேலாளர் வேலை மாறிப் போனதும் அந்த ஒப்பந்தத்துக்கு அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது.

கல்லூரிக்குப் பின்புறத் தெருவில் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் இருக்கும். முப்பது மிஷின் ஓடும். அந்த முதலாளிக்குக் கணக்கு எழுத ஆள் தேவை, ஏற்றுமதிக் காகிதங்கள் தெரிந்த ஒருவர் தேவை, பாதி நேரம் வந்தாலும் போதும் என்பார். அவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. தொழிலும் படிப்பும் ஒன்றையொன்று தேடிப் போன கதைகள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. கோவையில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் தொடங்கியது. அதன் தொழிற்கூடத்தை ஒட்டியே 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்புகளை அவர்களால் நடத்த முடிந்ததற்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம். திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கமே முன்னின்று பின்னலாடைக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியது. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றார்கள்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: எங்கள் மாணவர் திங்கட்கிழமை காலையில் வந்தால் எந்த சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும்? பெயர் சொன்னால் போடுங்கள். சொல்லாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சர்வே எடுத்துவிட்டு முடிவைச் சொல்லாமல் போவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்ற தவறுகளால் கல்லூரிக்குக் கொஞ்சம் நேரமும் பணமும் போகும், அவ்வளவுதான். இதில் நஷ்டப்படுவது ஊர், அதுவும் தனக்குத் தெரியாமலே.

நடப்பது இப்படித்தான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. 2014-ல் வந்த மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கின்றன. இது போதாதென்று சமூகப்பணித் துறை, பொருளாதாரத் துறை, பக்கத்துக் கல்லூரி என்று ஆளாளுக்கு ஒரு படிவத்தோடு வருகிறார்கள். இரண்டு வருடத்தில் மாணவர் போய்விடுவார். அலுவலரும் மாறிவிடுவார். புதியவருக்குப் பழைய கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதென்றே தெரியாது, எனவே மறுபடி முதலிலிருந்து சர்வே. குடும்பத்தில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, என்ன அடுப்பு, குடிநீர் எங்கிருந்து.

பல்லடம் பக்கம் ஒரு ஊரில் திண்ணையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, படிவத்தோடு போன பெண்ணை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதையேத்தான கண்ணு போன வருசமும் கேட்டு எளுதிட்டுப் போனாங்க. எளுதிட்டுப் போயி என்ன பண்ணுனீங்க?" அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னிடமும் பதில் இல்லை, ஏனென்றால் போன வருடம் வந்தவர்கள் வேறு கல்லூரிக்காரர்கள், அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு கல்லூரியில் மதிப்பீட்டுக் குழு வருகைக்காக மாணவர் திட்ட அறிக்கைகளைக் கண்காட்சியாக அடுக்கி வைத்திருந்தார்கள். தங்க எழுத்துப் போட்டு பைண்டு செய்த ஒரு நிலத்தடி நீர் ஆய்வைப் புரட்டினேன். எனக்குப் பழக்கமான ஊர். ஊரைச் சுற்றியுள்ள போர்வெல், கிணறு, அடிபம்பு எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துப் பரிசோதித்து ஒழுங்காக அட்டவணை போட்டிருந்தார்கள். உழைப்பில் குறை சொல்லவே முடியாது. அந்த அட்டவணையில் அங்கன்வாடிக்குப் பக்கத்து அடிபம்புக்கு நேரே நைட்ரேட் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-ன்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உரம், மாட்டுச்சாணம், கோழி எரு, செப்டிக் டேங்க் எதிலிருந்து வேண்டுமானாலும் அது நிலத்தடியில் இறங்கியிருக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும்.

வழிகாட்டிய ஆசிரியரிடம், "ஊர்ல சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "பேப்பரே பப்ளிஷ் ஆயிருச்சு சார்" என்றார். பத்திரிகையில் கட்டுரை வந்துவிட்டதால் வேலை முடிந்துவிட்டதாக அவர் மனதார நம்பினார். அந்த வாரமே ஊருக்குப் போனேன். அங்கன்வாடியில் விசாரித்தால், "நாங்க நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க சார் குடுக்கறோம்" என்றார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைத் தெரிந்தவர்கள் கல்லூரியில் இருக்கிறார்கள், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள், நடுவில் ஒரே பஸ் தூரம். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

முகாம்களில் போடும் ஊர் வரைபடமும் இதே கதைதான். கோயில் முன்னால் கோலப்பொடி தூவித் தெரு, கிணறு, ஓடை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்பதையெல்லாம் ஊர்க்காரர்கள்தான் குனிந்து நிமிர்ந்து காட்டுவார்கள். பெண்கள் வந்து, இந்த இடத்தில் தெருவிளக்கு இல்லை என்று திருத்துவார்கள். அதைச் சார்ட்டில் பிரதி எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறோம். தரையில் போட்டது அன்று சாயங்காலமே கலைந்துவிடும். வரைந்த ஊருக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

இதன் விலை அடுத்த சர்வேயில் தெரியும். சலித்துப்போன மக்கள் உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்க என்ன பதில் சொன்னால் போதுமோ அதைச் சொல்வார்கள். கழிப்பறை இருக்கிறது, பிரச்சினை எதுவும் இல்லை, எல்லாம் நல்லா இருக்கோம். அந்தப் பொய்க் கணக்கை வைத்து ஒரு திட்டம், அதன் மேல் இன்னொரு அறிக்கை.

செய்ய வேண்டியது அவ்வளவு கஷ்டமும் இல்லை. படிவம் அச்சடிக்கும் முன்பே, முடிவைத் திருப்பிச் சொல்லும் தேதியை முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன்னால் உங்கள் கணக்கு ஊராட்சித் தலைவர் கையிலும் செயலர் கையிலும் இருந்தால் அது திட்டத்துக்குள் போக வாய்ப்பு உண்டு, பிப்ரவரியில் கொடுத்தால் அலமாரிக்குள்தான் போகும். ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒன்று ஒட்டுங்கள். நகல் பெற்றுக்கொண்டதாகச் செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள், அடுத்து வரும் அலுவலருக்கு அது உதவும். கிராம சபையில் மாணவரே எழுந்து வாசிக்கட்டும். ஊர் கேள்வி கேட்கும்போது நின்று பதில் சொல்வதில் அவர் கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

தண்ணீர் போன்ற விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. கல்லூரி ஆய்வகத்து முடிவை வைத்து மைக் பிடித்துப் பீதி கிளப்பக் கூடாது. முதலில் ஊராட்சித் தலைவரிடமும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்துவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மறுபரிசோதனை கேளுங்கள். அதன் முடிவு வரும்வரை கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய், இந்தப் பம்புத் தண்ணீரைக் குழந்தைக்குத் தர வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல மறுபரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காலை பத்து மணிக்குப் போவது

நூறு நாள் வேலைக்கும் கம்பெனிக்கும் போனது போக வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். சாயங்காலம் போங்கள்.

எல்லாரிடமும் மாத வருமானம் கேட்பது

கூலிக்குப் பாவு (தறியில் ஏற்றும் நூல்) வாங்கி விசைத்தறி ஓட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீட்டருக்கு இத்தனை என்று கூலி, அதுவும் துணியின் ரகத்தைப் பொறுத்து மாறும். பாவு வராத வாரம் வருமானமே இல்லை. கரன்ட் பில்லும் வேலையாள் கூலியும் அவர்தான் கொடுக்க வேண்டும். மாத வருமானக் கட்டத்தில் அவர் சொல்லும் எண் உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்வது. போன வாரம் தறி எத்தனை நாள் ஓடியது, மீட்டருக்கு என்ன கூலி, இந்த இரண்டையும் கேளுங்கள், கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். பனியன் கம்பெனித் தொழிலாளியிடமும் பீஸ் ரேட்டா, ஷிப்டுச் சம்பளமா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

தொழிலாளர்களுக்கான வகுப்பைக் கல்லூரி நேரத்தில் வைப்பது

திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புவது. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி என்று போஸ்டர் ஒட்டினால் யார் வருவார்? நம்முடைய மாணவர்களே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை நிரப்புவார்கள். சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு காலை சந்தைக்கும் கறிக்கடைக்கும் போய்விடும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள், குழந்தைகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாணவர்களை நிறுத்துங்கள்.

பாடத்தையும் நாமே முடிவு செய்யக் கூடாது. ஆளுமை வளர்ச்சி என்று தலைப்புப் போட்டபோது வராதவர்கள், பி.எஃப். கணக்கில் பெயர் ஆதாரோடு பொருந்தாததைச் சரிசெய்ய உதவுகிறோம் என்றதும் வரிசையில் நின்றார்கள். பி.காம். மாணவர்கள் ஆளுக்கு ஒரு போனோடு உட்கார்ந்து பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள், பழைய கம்பெனியில் கிடந்த பணம் தனக்கு உரியது என்றே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அவர்களேதான் கம்ப்யூட்டர் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருக்கும் பகுதி என்றால் இந்தி பேசும் ஒருவரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையே செய்யாமல் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்

வாங்காதீர்கள். வாங்கவும் விடாதீர்கள். நேர்காணலில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் என்ன பார்ப்பாய் என்று ஒரு கேள்வி கேட்டால் பையன் முழிப்பான். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் மாணவர்களை அனுப்புவதும் இதில்தான் போய் முடியும், கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

மரக்கன்று நடுவது

தண்ணீர் ஊற்றப் பெயர் சொல்லி ஆள் இல்லையென்றால் நடாதீர்கள்.

நாம் மட்டுமே ஊருக்குப் போவது

ஊர் கல்லூரிக்குள் வரவும் வழி வேண்டும். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1956-ல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம் கிராமத்தையே பாடத்தின் பாகமாக வைத்தது. எல்லாக் கல்லூரியாலும் அந்த அளவுக்குப் போக முடியாமல் இருக்கலாம், ஆனால் நூலகத்தை மாலையில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியும். ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு ஓவர்லாக் மிஷினைப் பற்றிப் பாடம் எடுக்க இருபது வருடம் தைத்த அக்காவைக் கூப்பிட முடியும். கூப்பிட்டால் வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார் என்பதை அலுவலகத்தில் முன்பே சொல்லி, பணத்தை அன்றே கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கேட்டில் வாட்ச்மேனிடமும் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் அங்கேயே நிற்க வைத்துவிடுவார்கள்.