சம்ப் மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலையா?

பிளம்பரைக் கூப்பிடும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டார் தலையில் இருக்கும் பிரைமிங் மூடியைக் கழற்றி, வாய் நிறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். தண்ணீர் இறங்கிப் போனால் பெரும்பாலும் ஃபுட் வால்வில்தான் (சம்ப்புக்குள் குழாயின் அடியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) கோளாறு: உள்ளே மண்ணோ முடியோ சிக்கியிருக்கும், இல்லை வாஷர் தேய்ந்திருக்கும். பல சமயம் கழுவினாலே போதும்.

சம்ப்புக்கு வெளியே இருக்கும் சாதாரண மோனோபிளாக் மோட்டாரால் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) காற்றை இழுக்க முடியாது. உள்ளே தண்ணீர் நின்றால்தான் சம்ப்பிலிருந்து மேலே இழுக்கும். வால்வு ஒழுகினால் இரவோடு இரவாகக் குழாய் காலியாகி, காலையில் மோட்டார் வெறும் காற்றில் சுற்றும். அப்படியே விட்டால் சீல் போய்விடும். அதற்கு ஆகும் செலவு வேறு.

ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்று, மூடியை இறுக்கி மோட்டாரைப் போட்டும் ஏறவில்லையென்றால், உறிஞ்சு குழாயின் ஜாயின்ட்டில் காற்று புகுகிறதா பாருங்கள். (முதலில் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள், அதுவும் நடக்கும்.)

தண்ணீருக்குள்ளேயே இருக்கும் சப்மெர்சிபிளுக்கு இது பொருந்தாது. மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமினாலும் இதில் பயனில்லை. உடனே அணையுங்கள், மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், இல்லை மோட்டார் இறுகியிருக்கலாம்.