எஸ்1000டி பிசினஸ் ரூல்ஸ்: 'ஒன்று' போட்டு மாட்டிக்கொண்ட கதை

வடபழஞ்சியில் எங்கள் ஆபீசுக்கு முதல் எஸ்1000டி (விமானம், இயந்திரம் போன்றவற்றின் தொழில்நுட்பக் கையேடுகளை எழுதுவதற்கான சர்வதேசத் தரநிலை) வேலை வந்தபோது ஆளுக்கொரு மாதிரி எழுதினோம். போல்ட் முறுக்கும் அளவை ஒருவர் நியூட்டன் மீட்டரில் போட்டார், பக்கத்து சீட்டுக்காரர் கிலோகிராமில் போட்டார். எது நமக்கு என்று நாமே முடிவு செய்து எழுதி வைப்பதுதான் பிசினஸ் ரூல்ஸ். கையேட்டைச் சிறு சிறு துண்டுகளாக, டேக் போட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளாக எழுதுவோம். அப்படி ஒவ்வொரு துண்டும் ஒரு டேட்டா மாட்யூல்.

முதலில் எக்செல்லைத் திறங்கள், எக்ஸ்எம்எல் அப்புறம். கேள்வி, முடிவு, காரணம், முடிவெடுத்தவர் என்று நாலு நெடுவரிசை போதும். முடிவெடுக்க வேண்டிய இடங்களை ஸ்பெசிஃபிகேஷனே 'பிஆர்டிபி' என்று குறித்துத் தருகிறது, நூற்றுக்கணக்கில். உங்களுக்குத் தேவையில்லாததில் 'பொருந்தாது' என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். நாங்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டோம், சண்டை போட வசதியாக இருந்தது.

அடுத்து, கருவியால் சோதிக்க முடிந்ததைத் தனியாகப் பிரியுங்கள். 'புரியும்படி எழுது' என்பதெல்லாம் ஸ்டைல் கைடுக்கு. மற்றவை பிரெக்ஸுக்கு, அதாவது கருவி படித்துச் சோதிக்கிற விதிக் கோப்புக்கு. அதுவும் ஒரு டேட்டா மாட்யூல்தான், அதன் இன்ஃபோ கோடு (என்ன வகைத் தகவல் என்று சொல்லும் எண்) 022.

இனிதான் நான் விழுந்த இடம். பிரெக்ஸில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு எக்ஸ்பாத்தும் (எக்ஸ்எம்எல்லில் எந்த இடம் என்று காட்டும் பாதை) ஒரு ஃபிளாகும் (அந்த இடத்துக்கான குறி எண்) உண்டு. 0 என்றால் வரக்கூடாது, 1 என்றால் வந்தே ஆக வேண்டும், 2 என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 'கழற்றி மாட்டும் வேலை எதிலும் பாதுகாப்புப் பகுதி வெறுமையாக இருக்கக்கூடாது' என்பது எங்கள் விதி. பாதுகாப்புத் தேவைகளை எழுதும் சேஃப்டி ரிக்வைர்மென்ட்ஸ் எலிமென்ட்டுக்கு (எக்ஸ்எம்எல் டேக்) எக்ஸ்பாத் எழுதி 1 போட்டேன். செக்கரை ஓட்டினால் விவரணை மாட்யூல் அத்தனையும் ஃபெயில்! பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் மாட்யூலில் அந்த எலிமென்ட் எங்கிருந்து வரும்? ஃபிளாக் 1 மாட்யூலின் வகையைப் பார்ப்பதில்லை. மதியம் வரை எக்ஸ்பாத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் விதியைத் திருப்பிப் போட்டேன்: வேலைமுறையைச் சொல்லும் ப்ரொசீஜருக்குள், பாதுகாப்புத் தேவை எதுவும் இல்லை என்று சொல்லும் 'நோ சேஃப்டி' எலிமென்ட் வந்தால் தப்பு, ஃபிளாக் 0. விவரணை மாட்யூலில் அது வரவே வராது, அதனால் தொந்தரவில்லை. விதியை ஒரு ஸ்கீமாவுக்கு (ஒரு வகை மாட்யூலின் கட்டமைப்பு) மட்டும் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. ஆனாலும் 'இது வரக்கூடாது' என்று எழுதுவதே எனக்குப் பிடிக்கும், பிழைச் செய்தி நேராகத் தப்பான இடத்தைக் காட்டும்.

சோதிக்க இலவச எஸ்1கேடி-டூல்ஸ் போதும். கமாண்ட் லைன் என்று பயப்படாதீர்கள். பழக, எஸ்1000டி-யின் மாதிரித் தொகுப்பான சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். செயினும் பிரேக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

சேர்த்தது: 'எல்லாமே பாஸ் ஆகிறது, சந்தேகமாக இருக்கிறது' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மாட்யூல்கள் இன்னும் எஸ்1000டி-யோடு வரும் டீஃபால்ட் பிரெக்ஸைத்தான் சுட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மாட்யூலின் ஸ்டேட்டஸ் பகுதியிலும் பிரெக்ஸ் ரெஃபரன்ஸை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.