ஏர்கோனில் தண்ணீர் சொட்டுகிறதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டச் சாலையை ஒட்டி எங்கள் வீடு. செம்பனை லோரி போனாலே கிளம்பும் செம்மண் தூசி ஏர்கோன் ஃபில்டரில்தான் போய்ப் படியும்.

போன மாதம் மெத்தை மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பார்க்க வந்தவர் "கேஸ் முடிஞ்சிருச்சு" என்றார். ஏர்கோனைக் குளிரவைக்கும் கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் ஏற்றினால் காசுதான் தண்டம்.

எங்கள் வீட்டில் அடைத்திருந்தது தண்ணீர் வடியும் குழாய். வெளிமுனையில் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் கிளீனரை வைத்து, சுற்றிலும் துணியால் இறுக்கி ஒரு நிமிடம் இழுத்தேன். கொழகொழவென்று பழுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. சாதாரண வேக்கம் கிளீனரில் முயல வேண்டாம், கெட்டுவிடும்.

ஃபில்டரை 2 வாரத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள், மெயின் சுவிட்சை அணைத்த பிறகு. தூசி படிந்த பக்கம் கீழே இருக்கட்டும். பின்பக்கமிருந்து தண்ணீர் விடுங்கள். நிழலில் காயவையுங்கள். உள்ளிருக்கும் அலுமினியத் தகடுகளைத் தேய்க்காதீர்கள், மடங்கிவிடும்.

வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். அதன்மேல் துணி காயப்போடுவதை அம்மா இன்னும் விட்டபாடில்லை.