ஸ்கூபா டைவிங்குக்குப் படகு அமர்த்துமுன் பார்க்க வேண்டியவை

டைவிங்குக்கென வாடகைக்கு விடப்படும் படகுகளின் விளம்பரப் படங்களில் மெத்தை இருக்கைகளும் மேல்தளமும்தான் முதலில் கண்ணில் படும். கடலுக்குள் குதிப்பதற்கு ஏறக்குறைய எந்தப் படகும் போதும். முதுகில் காற்றுச் சிலிண்டரின் கனமும் கால்களில் களைப்புமாக, அலை தூக்கிப் போடும் நேரத்தில் திரும்ப ஏறுவதற்குத்தான் நல்ல படகு வேண்டும். ஆகவே படகைப் பார்வையிடச் செல்பவர் நேரே அமரத்துக்கு, அதாவது பின்புறத்துக்குச் செல்வது நல்லது.

அங்கே நீர்மட்டத்தை ஒட்டி, ஈரத்திலும் வழுக்காத அகலமான மேடை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஏணி. நீர்மட்டத்தோடு முடிந்துவிடும் நீச்சல் ஏணி டைவருக்கு உதவாது. நீருக்குள் மூன்று, நான்கு படிகளாவது இறங்கியிருந்தால்தான் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள அலுமினியச் சிலிண்டரைச் சுமந்தபடி காலூன்றி எழ முடியும். நடுவில் ஒற்றைத் தண்டும் அதன் இருபுறமும் கிளைபோல் நீளும் படிகளும் கொண்ட ஏணியே இதற்குச் சிறந்தது. பக்கச் சட்டங்கள் இல்லாததால் ஃபின்களை, அதாவது காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளை, கழற்றாமலே அதில் ஏறலாம். ஃபின்களைக் கழற்றியபின் கை நழுவினால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது மிகக் கடினம் என்பதால் இது சிறிய வசதியன்று. ஏணியை இறக்கச் சொல்லி, கையால் அசைத்துப் பாருங்கள். கொக்கியில் லொடலொடவென்று ஆடும் ஏணி, அமரம் அலையில் எழுந்து விழும்போது விரலை நசுக்கக்கூடியது.

ஏணிக்கும் புரொபெல்லருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் கவனியுங்கள். ஆள் ஏறும்போது எஞ்சினை நிறுத்திவிடுவார்களா, வெறுமனே நியூட்ரலில் வைத்திருப்பார்களா என்று படகோட்டியிடம் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. நீரோட்டம் உள்ள இடங்களில், முனையில் மிதவை கட்டிய நீண்ட கயிறு ஒன்றை அமரத்திலிருந்து மிதக்கவிட்டிருக்க வேண்டும். படகுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி மேலெழுந்தவர் அதைப் பற்றிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கலாம்.

தளத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் அதற்கான தாங்கியில், இழுபடும் ரப்பர்க் கயிற்றால் கட்டப்பட்டு நிற்க வேண்டும். உருண்டு விழும் சிலிண்டர் கால் எலும்பை முறித்துவிடும். அவரவர் சிலிண்டருக்கு முன்னாலேயே இருக்கை அமைந்திருந்தால், ஆடும் தளத்தில் கனத்தோடு நடக்கும் தேவை குறையும்.

படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள்; எவ்வளவு இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆழத்திலிருந்து மேலெழும்போது உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வரும் அழுத்தத் தளர்வு நோய் கண்டவருக்குத் தூய ஆக்சிஜனே முதலுதவி. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால், 600 லிட்டர் கொள்ளும் உருளை 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கரை இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தால் அது பாதி வழிக்கும் வராது. முகமூடி, வாயு வரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகியவற்றோடு அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிய பெட்டியின் சாவியைத் தேடத் தொடங்கினால் அதுவே பதில். கரையையும் மற்றப் படகுகளையும் அழைக்க உதவும் வி.எச்.எஃப். ரேடியோ வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். கைபேசியை நம்பிக் கடலுக்குள் போவது சரியன்று.

ஆள் கணக்கெடுக்கும் முறை படகின் உறுப்பன்று என்றாலும், என் பார்வையில் ஏணிக்கு அடுத்த இடம் அதற்கே. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் இரண்டு டைவர்களை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்களின் பொருட்கள் படகில் கிடப்பதைக் கண்டு விஷயம் தெரியவந்தபோது இரண்டு நாட்கள் கடந்திருந்தன. அவர்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. தலைகளை எண்ணுவது மட்டும் போதாது. பெயரை அழைத்து, அவரவர் வாயால் பதில் பெற்று, ஏட்டில் குறித்த பிறகே எஞ்சினை இயக்கும் படகைத் தேர்ந்தெடுங்கள்.

நிழல், கழிப்பறை, கேமராவை அலச நன்னீர்த் தொட்டி ஆகியவை இருந்தால் நல்லது. எஞ்சின் புகை அமரும் இடத்துக்குத் திரும்பி வீசாதிருப்பது வசதிக்கும் மேலானது. படகிலேயே கம்ப்ரஸரால் காற்று நிரப்புவார்களானால், அது காற்றை உறிஞ்சும் குழாய் புகைபோக்கியிலிருந்து விலகியிருப்பது கட்டாயம். கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது.

இரவு தங்கும் படகென்றால் படுக்கையறையிலிருந்து வெளியேறும் வழிகளை நடந்து பாருங்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தனர். கீழ்த்தளத்தில் உறங்கியவர்களுக்கு இருந்த இரண்டு வழிகளுமே மேலே தீப்பற்றிய ஒரே கூடத்தில்தான் போய்த் திறந்தன. இரவில் சுற்றிவந்து கண்காணிக்கவும் ஆளில்லை. எனவே வழிகள் இரண்டு என்று சொன்னால், அவை தனித்தனி இடங்களில் திறக்கின்றனவா, இரவுக் காவலுக்கு யார் விழித்திருப்பார், விளக்கு, கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்வார்கள் என்ற மூன்றையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.